இந்த ஊசி எதுக்கு, எத்தனை நாளைக்கு?

மதுரை மருத்துவமனை வார்டுகளில் ஆன்டிபயாடிக் எழுதும் டாக்டர்களுக்கும், அதை நடுராத்திரியிலும் வந்து ஏற்றிவிட்டுப் போகும் சிஸ்டர்களுக்கும்:

நான் காளவாசலில் குடியிருப்பவள். தேனி, உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமிருந்து ஆரப்பாளையம் வரும் பஸ்களில் நோயாளிகள் பலர் எங்கள் நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார்கள். பைபாஸ் ரோட்டைச் சுற்றி அத்தனை ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன் சென்டர், மருந்துக்கடை. பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் புண் வந்து சீழ் வைத்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகி, அட்டெண்டராக வார்டில் கிடந்தேன். வார்டில் இரவில் தூக்கம் வராது. பக்கத்துக் கட்டில்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பதுதான் துணை. அந்தப் பேச்சு உங்கள் காதுக்கு வந்திருக்காது. உங்களைக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்று, "நல்லா இருக்குங்கய்யா" என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் மருந்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள், அதனால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன என்று நீங்கள் மேடையிலும் டி.வி.யிலும் சொல்வதைக் கேட்கிறோம். எத்தனை நாள் மருந்து என்றே சொல்லப்படாத ஒருவர், அதைப் பாதியில் நிறுத்தினார் என்று எப்படிக் குற்றம் சுமத்துவது? ஆன்டிபயாடிக் பற்றி எங்களுக்கு இருக்கும் தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை, வார்டில் யாரும் வாய் திறந்து சொல்லாததால் நாங்களாகவே கோத்துக்கொண்டவை. எங்கள் கண்ணுக்குத் தெரிவதை வைத்து நாங்கள் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு பல நேரம் தப்பாகப் போகிறது.

வார்டில் எங்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது? அட்மிஷன் போட்ட உடனே கையில் வென்ஃப்ளான் குத்துவார்கள். முன்கையில் கொஞ்சம் மருந்தைத் தோலுக்கடியில் ஏற்றி, பேனாவால் வட்டம் போட்டு, "அரிச்சா சொல்லுங்க" என்பார் சிஸ்டர். அரிக்காவிட்டால் பெரிய ஊசி. காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. மருந்து ஏறும்போது நரம்பு நெடுகச் சுள்ளென்று காந்தும். மூன்றாம் நாள் புறங்கை வீங்கும், வென்ஃப்ளானை அடுத்த கைக்கு மாற்றுவார்கள். சோறு பிசைந்து சாப்பிட முடியாது. பெற்ற பிள்ளை ஊட்டிவிட வேண்டும். எழுபது வயது மனிதருக்கு அது எவ்வளவு கூச்சம் என்பதை நான் அப்பாவின் முகத்தில் பார்த்தேன். இத்தனையும் பொறுத்துக்கொள்வார்கள். ஏற்றுகிற மருந்துக்கு என்ன பெயர் என்று மட்டும் வார்டில் ஒருவருக்கும் தெரியாது. "பெரிய ஊசி", "பவர் ஊசி", "வெள்ளைப் பவுடர் கலக்குற ஊசி", இவ்வளவுதான்.

நாலாம் நாள் ரவுண்ட்ஸில் ஊசியை மாற்றினார்கள். டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்து, கூட வந்த டாக்டர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மதியம் வந்த ஊசி சின்னதாக இருந்தது, விலையும் குறைவு. மருந்துச் சீட்டைக் கவுன்டரில் கொடுத்த என் அண்ணன் பில்லைப் பார்த்ததும் கொதித்துவிட்டான். "அட்வான்ஸ் இன்னும் கட்டலைன்னு எங்கப்பாவுக்கு மட்டமான மருந்துக்கு மாத்திட்டீங்களா?" என்று டியூட்டி டாக்டரிடம் சண்டைக்கே போனான். அந்த இளம் டாக்டர் முகம் சிவந்து, "ப்ரோட்டோகால் சார்" என்ற ஒரே வார்த்தையோடு நகர்ந்துவிட்டார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை, எங்கும் நடப்பதுதான்.

அன்று சாயங்காலம் கட்டு மாற்ற வந்த சிஸ்டர்தான் விளக்கினார். "அண்ணே, புண்ணுல எடுத்த சீழ லேப்புல வளத்துப் பாத்தாச்சு. அந்தக் கிருமி சாதாரண மருந்துக்கே கேக்குது. மொத நாளு என்ன கிருமின்னு தெரியாதுல்ல, அதான் எல்லாத்துக்கும் கேக்குற பெரிய மருந்தா போட்டாங்க. இனி அது எதுக்கு? அத இன்னிக்கே போட்டுப் பழக்கிட்டா நாளைக்கு வேணும்ங்கும்போது எதப் போடறது?" ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அண்ணன் வாயடைத்துப் போனான். மறுநாள் அதே விளக்கத்தை அவனே எதிர்க் கட்டில்காரரின் மருமகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

டாக்டர்களே, அது உங்கள் மருத்துவத்தின் மிக நல்ல வேலை. சீழை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முடிவு வரும்வரை காத்திருந்து, வந்ததும் பெரிய மருந்தை நிறுத்திப் பொருத்தமான சின்ன மருந்துக்கு மாறினீர்கள். ஆஸ்பத்திரிகள் எல்லாம் இப்படி நடந்தால் நாட்டுக்கே நல்லது. ஆனால் சொல்லாமல் செய்ததால், அந்த நல்ல காரியம் எங்கள் கண்ணுக்கு ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. அடுத்த முறை எங்களைப் போன்ற ஒரு குடும்பம் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய், "நல்ல பவர் மருந்தா போடுங்க" என்றுதான் கேட்கும். நீங்களும் கேட்கிறார்களே என்று எழுதுவீர்கள்.

மருந்து மாறினாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. முதல் மருந்து கேட்கவில்லை, டாக்டர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறார் என்று நினைக்கிறோம். ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறினால் இன்னும் மோசம். கைவிட்டுவிட்டார்கள் என்ற பேச்சு வரும். ஊசிதான் மருந்து, மாத்திரை ஒப்புக்குத்தான் என்ற நம்பிக்கை எங்கள் பக்கம் ஆழமானது. எலும்பில் பிடித்த சீழுக்குக்கூட, பொருத்தமான மாத்திரை ஊசிக்குச் சளைத்ததில்லை என்று பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஓவிவா ஆய்வு 2019இல் காட்டியது. இதை ஒரு டாக்டர் எங்களிடம் சொல்லியிருந்தால், "இன்னும் ரெண்டு நாள் ஊசி போட்டு அனுப்புங்கய்யா" என்று கெஞ்சிக்கொண்டு கட்டிலை அடைத்திருக்க மாட்டோம்.

இன்னொரு நம்பிக்கை, அரசு மாத்திரைக்குப் பவர் குறைச்சல் என்பது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கிறது. மாத்திரைகளை லேபில் பரிசோதித்த பிறகே அனுப்புகிறது. வேறு மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு அது. ஆனால் பெரியாஸ்பத்திரி வாசலிலேயே அந்த மாத்திரையை வைத்துக்கொண்டு, "இத கடையில குடுத்து நல்ல மாத்திரையா மாத்தித் தருவாங்களா?" என்று கேட்ட ஒரு அம்மாவை நான் பார்த்தேன். திருமங்கலம் பக்கத்துக் கிராமம். மருந்து கொடுத்த ஜன்னலில் அவருக்குக் கிடைத்தது காகிதப் பொட்டலமும் "காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு" என்ற சொல்லும்தான். எத்தனை நாளுக்கு என்றால், தீரும் வரைக்கும்.

சூடு என்கிறார்கள். ஆன்டிபயாடிக் சூட்டு மருந்து, வாய் வெந்துவிட்டது, வயிறு கழிகிறது, அதனால் ரெண்டு நாளோடு நிறுத்திவிட்டு இளநீர் குடித்தேன் என்கிறார்கள். இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் பல ஆன்டிபயாடிக்குகளின் பக்கவிளைவு என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. சிலவற்றில் நாக்கெல்லாம் உலோகக் கசப்பு ஏறும். நோயாளி பார்த்தது உண்மை. "வயிறு கொஞ்சம் கலங்கும், மோர் சாப்பிடுங்க, நாலு தடவைக்கு மேல போனா உடனே வாங்க" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அவர் மருந்தை நிறுத்தியிருக்க மாட்டார். உண்மையிலேயே ஆபத்தான வயிற்றுப்போக்கு வந்தால் தாமதிக்காமலும் வந்திருப்பார்.

பெயர் தெரியாததால் வரும் இடைஞ்சல் பெரிது. சோழவந்தான் பக்கத்து அக்கா ஒருவர், "எனக்கு ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காது" என்றார். பிரசவத்தின்போது ஒரு ஊசி போட்டதும் உடம்பெல்லாம் தடித்துவிட்டதாம். எந்த ஊசி? யாரும் எழுதித் தரவில்லை. அதற்குப் பிறகு எந்த டாக்டரும் அவருக்குப் பென்சிலின் வகை எதையும் தரத் துணியவில்லை. விலை கூடிய, இன்னும் பெரிய மருந்துதான். பென்சிலின் ஒத்துக்காது என்று முத்திரை விழுந்தவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. அந்த அக்காவின் பிரசவ வார்டில் ஒரு துண்டுச் சீட்டில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தால் போதும்.

ஊரில் ஊசி போட்டுக்கொண்டு வருகிறோம் என்று நீங்கள் கோபப்படுவீர்கள். "என்ன மருந்து போட்டாங்க? பேர் கூடத் தெரியாம வர்றீங்களே!" எப்படித் தெரியும்? கிளினிக்கில் கொடுத்தது காகிதக் கவரில் வெட்டிப் போட்ட மாத்திரை. மருந்துக்கடையில் கேட்டது, "காய்ச்சலுக்கு மூணு வேளைக்கு செட்டு போட்டுக் குடுங்கண்ணே" என்று. செட்டில் ஒன்று வலிக்கு, ஒன்று வயிற்றுக்கு, ஒன்று அநேகமாக ஆன்டிபயாடிக். செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை 2014 மார்ச் முதல் எச்-1 பட்டியலில் வைத்திருக்கிறார்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும் மாத்திரையை டாக்டர் சொல்லாமல் சாப்பிடாதீர்கள் என்று 2016இல் மத்திய அரசு விளம்பரமும் செய்தது. செட்டுக்காக மாத்திரை அட்டையை வெட்டும்போது அந்தக் கோடும் துண்டாகிப் போகும். கடைக்காரர்களைப் பற்றி எழுத வேறு மடல் வேண்டும், இங்கே விட்டுவிடுகிறேன்.

எத்தனை நாள் மருந்து என்ற கணக்கில் உங்களுக்குள்ளேயே விவாதம் நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரிய வேண்டும். "முழு கோர்ஸையும் முடி" என்ற பழைய பேச்சுக்கு எல்லா நோயிலும் ஆதாரம் இல்லை, தேவைக்கு மேல் நாள் கூடினால்தான் கிருமிகளின் எதிர்ப்புத் திறன் வளர இடம் தருகிறோம் என்று 2017இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நிபுணர்கள் எழுதினார்கள். ரத்தத்தில் கிருமி பரவியவர்களுக்கு 7 நாள் போதுமா, 14 நாள் வேண்டுமா என்று ஏழு நாடுகளில் 74 ஆஸ்பத்திரிகளில் 3,608 பேரிடம் ஆராய்ந்த பாலன்ஸ் ஆய்வு 2024 நவம்பரில் வெளிவந்தது. 7 நாள் 14 நாளுக்குக் குறைந்ததில்லை என்று அது சொன்னது. காசநோய்க்கோ மாதக் கணக்கு. அதில் ஒரு நாளும் குறையக் கூடாது. ஆக, எல்லாருக்கும் ஒரே கணக்கு கிடையாது. என் நோய்க்கு எத்தனை நாள் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். சொல்லாவிட்டால், உடம்பு தேறினதும் நிறுத்துவதுதான் எந்த மனிதருக்கும் இயல்பு. கொத்தனார் வேலைக்குப் போகிறவர் பதினாலு மாத்திரைச் சீட்டுக்கு ஆறு மாத்திரை மட்டும் வாங்குவார், கையில் உள்ள காசுக்கு. காய்ச்சல் விட்டதும் மீதியை வாங்க மாட்டார். அந்த எட்டும் ஏன் தேவை என்று அவருக்குத் தெரிந்தால் கடன் வாங்கியாவது வாங்குவார். தேவையில்லை என்றால் நீங்களே ஆறு என்று எழுதியிருப்பீர்கள்.

சொன்னால் மட்டும் கேட்டுவிடுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். இந்தக் கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது நம் தமிழ்நாடு. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும், உலக சுகாதார நிறுவனமும், சென்னை மாநில அரசும் சேர்ந்து காசநோய் ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற டாக்டர் அதை நடத்தினார். சானடோரியத்தில் வைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தியம் பார்த்தால்தான் காசநோய் தீரும் என்று நம்பிய காலம். நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்தில் சேர்த்து, மீதிப் பேரை அவரவர் குடியிருந்த நெரிசலான வீட்டிலேயே விட்டார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வும் குறைவு. 1959இல் முடிவு வெளிவந்தபோது, இரண்டு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியக் கட்டில்கள் காலியாக அதுவும் ஒரு காரணம்.

அந்த ஏழைகள் தாங்களாகவே ஒழுங்காகச் சாப்பிட்டுவிடவில்லை. அன்றைக்குக் கொடுத்த பாஸ் மருந்து வயிற்றைப் புரட்டும். பலர் விட்டுவிடப் பார்த்தார்கள். மையத்துப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். சொல்லாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள், குடும்பத்தோடு பேசினார்கள். மருந்தை விடுவதற்குப் படிப்பில்லாமையைக் காரணம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதன் பிரிவு ஒன்று நம் மதுரையிலும் இயங்குகிறது.

அந்தப் பழக்கம் காசநோய்த் திட்டத்தில் ஊறிவிட்டது. முன்பு ஒரு நோயாளிக்கு ஆறு மாதத்துக்கான மருந்து முழுவதையும் ஒரே பெட்டியில் வைத்து, அதன்மேல் அவர் பெயரையே எழுதி வைத்திருந்தார்கள். தன் பெயர் எழுதிய பெட்டியைப் பார்த்த மனிதருக்கு மருந்து தீர்ந்துவிடுமோ என்ற பயம் இருக்காது, எவ்வளவு மீதி என்பதும் தெரியும். பிறகு மாத்திரை உறைக்குள் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கும் முறை வந்தது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முன்னால் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பதறி மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். எங்கள் தெருவில் காசநோய்க்கு மருந்து எடுத்த பெயின்டர் தம்பி சிரித்துக்கொண்டே சொன்னான்: "மொத நாளே நர்ஸக்கா சொல்லிட்டாங்கக்கா, கலரா போவும், பயப்படாதன்னு." காசநோய்க்கு முடிந்தது, கால் புண்ணுக்கும் நிமோனியாவுக்கும் ஏன் முடியாது?

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தேனி, திண்டுக்கல், சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் என்று தென்மாவட்டமே வருகிறது. ராத்திரி முழுக்க நின்ற பயிற்சி டாக்டர் காலையில் கண் சொருகியபடி கேஸ் ஷீட் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அத்தனை கட்டிலையும் ஓரிரு சிஸ்டர்கள் ஓடி ஓடிப் பார்ப்பதையும் பார்த்திருக்கிறேன். வகுப்பெடுக்கச் சொல்லவில்லை. கட்டு மாற்றிக்கொண்டே அந்த சிஸ்டர் சொன்ன அளவு போதும்.

இது எங்கள் மன ஆறுதலுக்கான கோரிக்கை என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2010இல், கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகளைப் பற்றி லான்செட் இன்ஃபெக்சியஸ் டிசீசஸ் இதழில் வெளிவந்து உலகை உலுக்கிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளும் அதில் உண்டு. 2012இல் சென்னையில்தான் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாடிக்கைக் காப்பாற்ற 'சென்னைப் பிரகடனம்' வகுத்தன. 2019இல் மட்டும் இந்தியாவில் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாகவே ஏறத்தாழ 3 லட்சம் பேர் இறந்ததாக உலகளாவிய மதிப்பீடு ஒன்று கூறுகிறது. இந்தப் போராட்டத்தில் மருந்தை விழுங்குகிறவர்கள் நாங்கள். எங்களை வெளியே நிறுத்தி வைத்துவிட்டு எந்தத் திட்டமும் நடக்காது.

உங்கள் தலைமையே இதில் பாதி தூரம் வந்துவிட்டது. 2024 ஜனவரி 1ஆம் தேதியிட்டு, மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநராக இருந்த டாக்டர் அதுல் கோயல் மருத்துவக் கல்லூரிகளின் டாக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தைச் சீட்டிலேயே கட்டாயம் குறிப்பிடுங்கள் என்று கேட்டார். காரணத்தை எழுதுவது என்றாகிவிட்டபின், அதே காரணத்தை யாருடைய உடம்பில் மருந்து ஏறுகிறதோ அவரிடம் சொல்வதற்கு என்ன தடை?

டிஸ்சார்ஜ் அன்று நீங்கள் தரும் சம்மரி முழுக்க ஆங்கிலம். அதில் '1-0-1' என்று இருப்பதைக் கடைக்காரர்தான் எங்களுக்கு விளக்குகிறார். அதன் கடைசியில் நான்கு வரி தமிழில் வேண்டும். வார்டில் போட்ட ஆன்டிபயாடிக்கின் பெயர், எந்த நோய்க்கு, கல்ச்சரில் என்ன வந்தது, வீட்டில் எந்தத் தேதி வரை. எந்தத் தேதி வரை என்பது முக்கியம். 'ஐந்து நாள்' என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று குழம்புகிறோம். ஒத்துக்காத மருந்து இருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தத் தாளை நாங்கள் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருப்போம். அடுத்த டாக்டர் கேட்கும்போது 'ஏதோ ஊசி' என்று முழிக்க மாட்டோம்.

நாளைக் காலை ரவுண்ட்ஸில் முதல் கட்டிலிலேயே தொடங்குங்கள். இந்த ஊசி எதுக்கு, எத்தனை நாளைக்கு என்று நோயாளி கேட்கும் முன்பே நீங்கள் சொல்லுங்கள். பதில் தெரியாத நாளில், கல்ச்சர் வரட்டும், வந்ததும் சொல்கிறேன் என்றாவது சொல்லுங்கள். நாங்கள் காத்திருப்போம்.

இப்படிக்கு,
வார்டில் அட்டெண்டராக இருந்த ஒரு மகள்,
காளவாசல், மதுரை.